காந்தப் பூட்டும் தம்ரூட்டும்

சாம்பல் புதன்கிழமை காலையில், நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கோயிலிலிருந்து திரும்பிய இருதயராஜ் வாத்தியார், ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மறு செருப்பைக் கழற்றுவதற்குள் அறிவித்துவிட்டார்.

"வாணி! இன்னையிலேருந்து ஈஸ்டர் வரைக்கும் எனக்கு இனிப்பு கெடையாது!"

அவர் மனைவி இசைவாணி, பொங்கி வரும் பாலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "யாரு உங்களுக்குக் குடுக்க வந்தாங்க?"

"தவக்காலம்னா எதையாவது தியாகம் பண்ணணும் வாணி."

"போன வருஷம் பாவக்காயத் தியாகம் பண்ணீங்க. அதுக்கு முந்தின வருஷம் கடைக்குப் போறதத் தியாகம் பண்ணீங்க."

"இந்த வருஷம் அப்பிடி இல்ல. நாப்பது நாள். ஒரு துண்டு இனிப்பு என் வாயில படாது. எழுதி வெச்சுக்க."

இசைவாணி அடுப்பை அணைத்தாள். நிதானமாகத் திரும்பினாள்.

"பட்டா?"

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்த 'பட்டா'வின் கனம் உங்களுக்குப் புரியாது. இருதயராஜ் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். வீட்டுக்கும் பள்ளிக்கும் எட்டு நிமிட நடை. மனுஷன் எட்டேகால் வரை தூங்குவார். இசைவாணிக்குத் திண்டிவனம் கோர்ட்டில் கிளார்க் வேலை. ஒன்பது வருஷமாகக் காலை ஏழு மணி பஸ். சாயங்காலம் நின்றுகொண்டே திரும்பி வர வேண்டும். வீட்டைத் திண்டிவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவளும் ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"விழுப்புரம் ஜங்ஷன் வாணி! எல்லா ரயிலும் நிக்கிற ஊரு!" என்பார் இருதயராஜ். கடைசியாக அவர் ரயில் ஏறி நாலு வருஷம் ஆகிறது. உண்மையான காரணம் வேறு. திண்டிவனத்தில் மச்சான், அதாவது இசைவாணியின் அண்ணன் ஆரோக்கியராஜ் இருக்கிறான். காலை ஐந்து மணிக்கு எழுந்து நடைப்பயிற்சி போகிற ஆசாமி. தனியாகவும் போக மாட்டான். கண்ணில் பட்டவர்களையெல்லாம் எழுப்பி இழுத்துக்கொண்டு போவான்.

இப்போது 'பட்டா'வுக்கு வருவோம்.

"பட்டா பெட்டி கட்டறேன்," என்றார் இருதயராஜ். நெற்றியில் சாம்பல் இருந்த தைரியம். "திண்டிவனம் வர்றேன். ஆனா படலன்னா, இந்த ஜென்மத்துல நீ திண்டிவனம் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதங்க," என்றாள் இசைவாணி. அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது வாத்தியாருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

அந்த வருஷம் பக்கத்து வீட்டு பரக்கத் நிஷாவுக்கும் அதே வாரத்தில் ரம்ஜான் நோன்பு தொடங்கியது. அந்த அம்மாள் விடியற்காலை முதல் பொழுது சாயும் வரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல், மூச்சுக் காட்டாமல் வீட்டு வேலை பார்த்தார். நம் வாத்தியாரோ டீயில் சர்க்கரை இல்லை என்பதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இனிப்பை விட்ட வாய்க்கு வேலை வேண்டுமே. பேச்சு பெருகிவிட்டது. ஒரு நாள் காலைச் சாப்பாட்டில் பெரிய உண்மையொன்றை அவிழ்த்துவிட்டார்.

"வாணி, நீ இப்ப நாற்காலில உக்காந்துகினு இருக்கன்னு நெனக்கிறியா?"

"ஏன், கால் ஆடுதா?"

"நீ மிதந்துகினு இருக்க! உன் அணுவுல இருக்கற எலக்ட்ரானும், நாற்காலி அணுவுல இருக்கற எலக்ட்ரானும் ஒண்ண ஒண்ணு தள்ளிக்கினு கெடக்குது. மின்காந்த விசை. நடுவுல ஒரு இடைவெளி இருந்துகினே இருக்கும். சொல்லப்போனா இந்த உலகத்துல எவனும் எதையும் தொட்டதே கெடையாது."

"பாத்திரம் வெளக்கற நார்?"

"அதையும் யாரும் தொட முடியாது."

"அதான் கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க தொடல போல இருக்கு," என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ரம்ஜான் பண்டிகை வந்தது. பரக்கத் நிஷா ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா நிறைய தம்ரூட் கொண்டுவந்தார். ரவையும் பால்கோவாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்து, மேலே பொன்னிறமாகச் சிவந்து, துண்டு துண்டாக அடுக்கியிருந்தது. மூடியைத் திறந்ததும் வாசனை தெருமுனை வரை போனது. வாத்தியாரின் மூக்கு அதன் பின்னாலேயே போய்த் திரும்பி வந்தது.

"வாத்தியாரண்ணே நோன்புன்னு தெரியும். அதான் வாணி கையில குடுக்கறேன்," என்றார் பரக்கத் நிஷா.

"எனக்கு அந்த ஆசையெல்லாம் போயிடுச்சு நிஷாக்கா," என்று சொல்லிவிட்டு இருதயராஜ் எச்சிலை விழுங்கினார். விழுங்கிய சத்தம் இருவருக்கும் கேட்டது.

"நம்ப வீட்ல இதத் தின்ன ஆளில்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுக்கு எடுத்துக்கினு போறேன்," என்றாள் இசைவாணி. "அதுவரைக்கும் பூட்டித்தான் வைக்கணும்."

பூட்டு தயாராகவே இருந்தது. குழந்தைகள் அலமாரியைத் திறந்துவிடாமல் இருக்க மாட்டுவார்களே, அந்த மாதிரி. கூரியரில் வரவழைத்து, சமையலறை மர அலமாரிக் கதவுக்கு உள்பக்கமாக ஒட்டியிருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டும் தெரியாது, சாவித் துவாரமும் தெரியாது. கதவை இழுத்தால் மட்டும் வராது. உருண்டையாக ஒரு குமிழை வெளியே ஓர் இடத்தில் வைத்ததும் உள்ளே 'டிக்' என்று கொக்கி விடுபட்டது.

"பாத்தீங்களா மாயத்த!" என்றாள் இசைவாணி, கண்ணை அகல விரித்து. "இது எப்பிடித்தான் வேல செய்யுதோ! எனக்கு ஒண்ணும் புரியலங்க. இந்தக் குமிழ் இல்லாம யாராலயும் தொறக்க முடியாதாம்."

குமிழைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இருதயராஜுக்கு வயிற்றுக்குள் சிரிப்பு குலுங்கியது. மாயமாம்! காந்தம் அது! ஆறாம் வகுப்புப் பாடம்! இருபத்திரண்டு வருஷம் அறிவியல் வாத்தியாரோடு குடித்தனம் நடத்தியும் இவளுக்கு ஒரு காந்தம் தெரியவில்லையே என்று பரிதாபமாகக்கூட இருந்தது.

"ஆமா வாணி, பெரிய மாயந்தான்," என்றார்.

தம்ரூட் உள்ளே போய் ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் வாத்தியார் சமையலறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். தண்ணீர் குடிக்க இவ்வளவு தரம் வந்த மனுஷனை அந்தப் பானையே பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை. பங்குக் கோயிலில் மைக் செட்டுக்குப் பொறுப்பு இருதயராஜ்தான். பின்னறையில் கிழிந்துபோன பழைய ஸ்பீக்கர் ஒன்று கிடந்தது. அதன் பின்புறம் தோசை வட்டத்துக்குக் கறுப்பாக ஒரு காந்தம். பதினான்கு நிலைகளும் முடிந்து ஜனங்கள் முழங்காலிலிருந்து எழுவதற்குள், அது வாத்தியாரின் சட்டைக்குள் போய்விட்டது. 'ஆண்டவரே, இது திருட்டு இல்ல, கழிவுப் பொருள் மறுபயன்பாடு,' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

சனிக்கிழமை காலை. பள்ளிக்கு விடுமுறை. கோர்ட்டில் ஏதோ ஆடிட் என்று இசைவாணி கிளம்பிக்கொண்டிருந்தாள். வழக்கமாக எட்டேகாலுக்கு எழுபவர் ஆறரைக்கே எழுந்து உட்கார்ந்திருந்தார். காந்தம் சட்டைக்குள் பனியனோடு இருந்தது. மறைக்க வேறு இடம் கிடைக்கவில்லை. இசைவாணி உப்புமாத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டிலிருந்த ஸ்பூன் எழும்பி, பறந்து, வாத்தியாரின் நெஞ்சில் 'டங்'கென்று ஒட்டிக்கொண்டது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"ஸ்டாடிக் கரெண்ட்," என்றார் இருதயராஜ். "பாலியஸ்டர் சட்டை. சீப்ப தலையில தேச்சா காகிதம் ஒட்டுதில்ல, அந்த மாதிரி."

"அப்பிடியா? சரிங்க," என்றாள் இசைவாணி.

இருபத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தில் அந்தச் 'சரிங்க'வுக்கு அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. அறிவு அதிகமாகிவிட்டால் இப்படித்தான், புத்தி வேலை செய்யாது.

பஸ் போயிருக்கும் என்று தெரிந்ததும் இருதயராஜ் அலமாரி முன்னால் நின்றார். அந்தக் கணத்தில் அவருக்கு மனசாட்சி உறுத்தியது உண்மை. நாற்பது நாள் வாக்கு! அப்புறம் விழுப்புரம்! எட்டேகால் வரை தூக்கம்! எல்லாம் போய்விடுமே! ஆனால் மனசாட்சியைச் சமாதானம் பண்ண அவரிடம் அறிவியல் இருந்தது. என்ன சொன்னோம்? 'இனிப்பு வாயில் படாது' என்றோம். எலக்ட்ரானும் எலக்ட்ரானும் தள்ளிக்கொள்ளும்போது எது எதில் படும்? தம்ரூட் நாக்குக்கு மேலே மிதந்து, தொண்டைக்குள் மிதந்து, வயிற்றுக்குள் போய் மிதக்கப் போகிறது. சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை.

காந்தத்தைக் கதவில் வைத்தார். நகர்த்தினார். 'டிக்'.

மூடியைத் திறந்தார். ஒன்று எடுத்தார். நெய் விரலில் வழிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். முப்பத்தெட்டு நாள் பசி. கண்ணைத் திறந்தபோது ஏழு துண்டு போயிருந்தது. மிச்சமிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பரப்பி அடுக்கினார். அணுவுக்குள்ளேயே முக்கால்வாசி வெற்றிடம்தானே, டப்பாவுக்குள் இருந்தால் என்ன? மூடி, கதவைச் சாத்தி, காந்தத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

விரலெல்லாம் மஞ்சளாக இருந்தது. 'குங்குமப்பூ தாராளமாப் போட்டிருக்காங்க,' என்று நிஷாக்காவை மனதுக்குள் பாராட்டினார்.

கழுவப் போனார். தண்ணீர் ஊற்றினார். நெய்ப் பிசுக்கு போகவில்லை. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்று வருஷா வருஷம் பசங்களுக்குச் சொல்கிறவர்தான். சோப்புக்கு இரண்டு முனை. ஒரு முனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நல்ல பிள்ளையாக இருக்கிற மகன் மாதிரி. சிரித்துக்கொண்டே துணி சோப்பை எடுத்தார். இரண்டு கையிலும் அழுத்தித் தேய்த்தார்.

கை சிவந்தது.

வெறும் சிவப்பு இல்லை. மருதாணி வைத்த கல்யாணப் பெண்ணே பொறாமைப்படுகிற சிவப்பு. பதறிப்போய் இன்னும் சோப்பு போட்டார். இன்னும் சிவந்தது. நகக்கண் வரை ஏறிவிட்டது. அப்போதுதான் மண்டையில் அடித்த மாதிரி உறைத்தது. குங்குமப்பூவாவது மண்ணாவது! டப்பா மூடிக்கு உள்பக்கம், விளிம்பு பூராவும், மஞ்சள் தூள்! மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும். காரம். ஏழாம் வகுப்பு. போன மாதம்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டார்!

"அய்யய்யோ," என்றார் இருதயராஜ். தனியாக இருந்ததால் சத்தமாகவே சொன்னார்.

ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தானே. காரத்துக்கு எதிரி அமிலம். எலுமிச்சம்பழம் பிழிந்தால் சிவப்பு போய்விடும். ஃப்ரிட்ஜைத் திறந்தார். நேற்று வரை ஆறு பழம் இருந்தது. இப்போது ஒன்று இல்லை. கையைத் துண்டால் மூடிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

"நிஷாக்கா! ஜல்தியா ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க!"

"எலுமிச்சம்பழமா? காலையில வாணி வந்து, இருந்தது எல்லாத்தையும் வாங்கிக்கினு போயிடுச்சேண்ணே. முக்கு கடையிலயும் மொத்தமா வாங்கிடுச்சாம்," என்றார் பரக்கத் நிஷா. பிறகு துண்டைப் பார்த்தார். "கையில என்னண்ணே?"

"புண்ணு."

"ரெண்டு கையிலயுமா?"

"பெரிய புண்ணு," என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டார்.

அன்று ஆடிட் சீக்கிரம் முடிந்துவிட்டதாம். மூன்று மணிக்கே இசைவாணி வந்துவிட்டாள். வந்தவள் முகம்கூடக் கழுவவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். தினம் தினம் கோர்ட்டில் பொய் சாட்சியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய முகம் அது.

"கைய நீட்டுங்க."

"எந்தக் கை?"

"எத்தன கை வெச்சிருக்கீங்க?"

துண்டு விலகியது.

"சிவப்பு இங்க் வாணி. பரீட்சைப் பேப்பர் திருத்திக்கினு இருந்தேன். பாட்டில் கொட்டிப் போச்சு. ஒரே பேஜாரு."

"பாட்டில் இங்க்ல யாருங்க இப்ப பேப்பர் திருத்தறாங்க?"

"பழைய ஸ்டைலு."

இசைவாணி கைப்பையைத் திறந்தாள். ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். கூடவே சின்னக் கத்தி. பழத்தை இரண்டாக வெட்டி, அரை மூடியை அவர் உள்ளங்கையில் பிழிந்து தேய்த்தாள். சிவப்பு மறைந்து மஞ்சள் வந்தது.

"எலுமிச்சம்பழம் பட்டா மஞ்சளாவற இங்க் எந்தக் கடையில விக்கிதுங்க? நானும் ஒரு பாட்டில் வாங்கணும்."

வாத்தியாருக்கு மாட்டிக்கொண்ட வருத்தத்துக்கு நடுவிலும் ஒரு ஆச்சரியம். "வாணி, இதெல்லாம் நீ எங்க படிச்ச?"

"உங்க சட்டையில படிச்சேன். இருபத்திரெண்டு வருஷமா நீங்க சாம்பார சிந்திக்கினு வர்றீங்க, நான் சோப்பு போட்டுக்கினு இருக்கேன். ஒவ்வொரு தரமும் கறை செவக்குது. நீங்க அதுக்குக் கரும்பலகையில பேர் எழுதறீங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

கடைசி ஆயுதத்தை எடுத்தார் இருதயராஜ். எழுந்து நின்றுகொண்டார். "சரி வாணி. டப்பாவத் தொறந்தது உண்மை. ஆனா நம்ப ஒப்பந்தம் என்ன? இனிப்பு வாயில படக் கூடாது. அறிவியல்படி அது படவே இல்ல. எலக்ட்ரானுக்கும் எலக்ட்ரானுக்கும் நடுவுல இடைவெளி..."

"இருங்க, இருங்க. படல. ஒத்துக்கறேன். ஒரே ஒரு கேள்வி. இனிச்சுதா?"

"ஏலக்கா கொஞ்சம் தூக்கல்," என்றார் இருதயராஜ்.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். வாயைச் சுற்றி மஞ்சள் ஆகிவிட்டது.

இசைவாணி சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது.

"ஒம்போது வருஷம். கேக்கும்போதெல்லாம் ஜங்ஷன், ரயிலுன்னு கத சொன்னீங்க. கோவமா கேட்டேன், அழுதுகூட கேட்டேன். ஒரு நாள் என் கால் வலிக்குதான்னு நீங்க கேட்டதில்ல. எனக்கு எவ்ளோ ஆத்திரமா இருந்திச்சு தெரியுமா?"

இருதயராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அந்தக் கால்களை அவர் தினமும்தான் பார்க்கிறார். எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடலாமா என்று தோன்றியது. மஞ்சள் கையோடு எப்படிக் கேட்பது என்று நின்றுவிட்டார்.

"எப்ப போவலாம்?" என்றார் கடைசியில், மெல்லிய குரலில்.

"ஈஸ்டருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. பங்குச் சாமியார் வந்து ஜெபம் பண்ணி வீடு மந்திரிக்கறேன்னு சொல்லிட்டாரு."

"வீடே இன்னும் பாக்கலியே?"

"சாம்பல் புதன் அன்னைக்கே பாத்தாச்சு. அண்ணன் வீட்டுக்கு ரெண்டாவது வீடு. காலையில அஞ்சு மணிக்கு வந்து எழுப்பறேன்னு அண்ணன் சொல்லிச்சு."

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. பங்கு மக்கள் அத்தனை பேரும் குருத்தோலையை உயர்த்திப் பிடித்துப் பவனி வந்தார்கள். இருதயராஜ் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு பிடித்திருந்தார். வெயில் நூறு டிகிரியைத் தாண்டியிருந்தது. தோல் வியாதி என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.

ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை மூட்டை கட்டினார்கள். இசைவாணி கீழே பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். இருதயராஜ் ஸ்டூல் போட்டு ஏறிப் பரண்மேல் இருந்ததை இறக்கினார். ஒரு துணி மூட்டைக்குள் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. பிரித்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு. எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அதோடு சேர்த்துக் கட்டிய இரண்டு சாவி. பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு பூட்டு.

யானையைக் கட்டிப் போட்டாலும் தாங்கும். எந்தக் காந்தமும் இதைத் திறக்க முடியாது என்பது ஒரு அறிவியல் வாத்தியாருக்குப் பார்த்ததுமே தெரியும்.

"வாணி," என்றார் ஸ்டூல் மேலிருந்து. "இத்தினி பெரிய பூட்டு ரெண்டு வீட்லயே இருந்திருக்குது. அப்புறம் எதுக்கு மெனக்கெட்டு அந்தக் காந்தப் பூட்ட வாங்கின?"

இசைவாணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு குழம்புச் சட்டியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"திண்டுக்கல் பூட்டப் போட்டா, நீங்க எப்பிடிங்க தொறப்பீங்க?"